மோட்டார்ச் சைக்கிள் ரயரின் ஆயுளை நீட்டித்தல்

மோட்டார்ச் சைக்கிள் வாங்கச் செல்பவர் எஞ்சினைப் பற்றிப் பல வினாக்கள் வினவுவர். நிறத்தைக் குறித்து வீட்டாருடன் வாதிடுவர். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நண்பர் மூவரிடமாவது கேட்டறிவர். வீதியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பொருள் எத்தகையது, அஃது எவ்வாறு தேய்கின்றது என்று கேட்பவர் மிக அரியர். இருவரையும் ஒரு மூட்டையையும் சுமந்து செல்லும் வண்டி வீதியைத் தொடும் இடங்கள் இரண்டே. ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கையளவினது. வண்டி புறப்படுவதும், திரும்புவதும், குறுக்கே பாய்ந்த நாயைக் கண்டு நிற்பதும் அவ்விரு சிறு பரப்புகளிலுள்ள இறப்பரின் பிடியினாலேயே ஆகும். விழா மலரில் தமிழாசிரியர் எழுதப் புகுந்தால் இலக்கியக் கட்டுரையொன்றையே அன்பர்கள் எதிர்பார்ப்பர் என்பதை அறிவோம். எனினும், பழைய மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் பலர் நாள்தோறும் இவ்வூர்தியிலேயே செல்லுதலானும், அண்மைக் காலத்தில் ரயரின் விலை பலருடைய மாதச் செலவையே நிலைகுலையச் செய்தமையானும், இப்பொருள் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

இதனை விளக்குதற்கு ஒருகொடவத்தைச் சந்தியினும் தக்கதோர் இடத்தைக் கொழும்பிற் காண்டல் அரிது. கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் வழியாக வருவோரும், வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனை சென்று பேஸ்லைன் வீதியிற் பொரளை, தெமட்டகொடை ஆகியவற்றைக் கடந்து வருவோரும் இங்கே கூடுகின்றனர். துறைமுகத்தினின்று வரும் கொள்கலன்களை நிறுத்தும் முற்றங்கள் இங்குள்ளன. கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியம் அணித்தே இருத்தலின் பௌசர் வண்டிகள் ஓயாது ஓடும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் கிளையொன்றும் இச்சந்தியை நோக்கி இறங்குகின்றது. பெரும்பார வண்டிகள் மிகுதியாகச் செல்லும் வீதியில் ரயருக்குக் கேடு செய்யும் பொருள்கள் யாவும் கிடக்கும். பெட்டிப் பலகைகளிற் கழன்ற ஆணி, சுமை கட்டிய இரும்புப் பட்டையின் துண்டு, சிந்திய டீசல், பெரிய சில்லுகள் அரைத்துவிட்ட சரளை ஆகிய இவையெல்லாம் வீதியோரத்தில் ஒதுங்கும். மோட்டார்ச் சைக்கிளோட்டியும் அவ்வோரத்திலேயே ஒதுங்குவார்.

விலையின் கதையைச் சுருங்கக் கூறுவோம். 2020ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வாகனங்களை இறக்குமதி செய்தல் நிறுத்தப்பட்டது. ஒரு டொலருக்கு 200 ரூபாவளவில் நின்ற நாணயப் பெறுமதி 2022ஆம் ஆண்டு மார்ச்சில் வீழத் தொடங்கி, மே மாதத்தில் 360 ரூபாவளவை எட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டிற் பெற்றோல் பங்கீடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபொழுது, மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்திற்கு 4 லீற்றரே. மோட்டார்ச் சைக்கிள்களின் இறக்குமதி மீண்டும் தொடங்கியது 2025ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த வண்டியைக் கொண்டே காலந் தள்ள வேண்டியவராய், இருந்த ரயரைத் தேய்ந்து வழுவழுப்பாகும் வரையும், அதற்கு அப்பாலும் ஓட்டியோர் பலர். உணவுப்பொதிகளை வீடுதோறும் கொண்டுசென்று கொடுத்துப் பிழைக்கும் இளைஞருக்கு ரயர் என்பது அரிசியைப் போல் அன்றாடச் செலவாயிற்று. ரயரின் ஆயுளை நீட்டித்தல் எவ்வாறு என்ற வினாவோடு, எவ்விடத்தில் அதனை நீட்டித்தலாகாது என்ற வினாவும் அப்பொழுதே எழுந்தது. இரண்டாவது வினா முதலாவதிலும் முதன்மையானது என்பது எம் கருத்து.

ரயர் என்னும் ஆங்கிலச் சொல் முற்காலத்தில் இறப்பரைக் குறித்ததன்று. மரச்சில்லைச் சுற்றிக் கொல்லன் காய்ச்சிப் பூட்டும் இரும்புப் பட்டைக்கே அப்பெயர் வழங்கிற்று. நம் முன்னோர் சில்லின் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டிருந்தனர்: நடுவிலுள்ளது குறடு, அதினின்று விரிவன ஆர், சுற்றுவட்டம் சூட்டு. சூட்டின்மேல் காற்றைக் கட்டி ஓட்டலாம் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் தோன்றியிலது. அவ்வெண்ணத்திற்கு 1845ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றவர் ரொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர். அது வழக்கிற்கு வராமல் மறைந்துபோக, பெல்பாஸ்ற் நகரில் மிருகவைத்தியராயிருந்த டன்லொப் என்பவர் 1888ஆம் ஆண்டில் தம் மகனின் சிறு வண்டிக்காக அதனைப் புதிதாக மீளவும் கண்டார். இவ்விருவருக்கும் இடையில், 1876ஆம் ஆண்டில், கம்பகாவுக்கு அணித்தான ஹெனரத்கொடைப் பூந்தோட்டத்திற்குப் பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தன. ஒருகொடவத்தையிலிருந்து களனியாற்றின் தென்கரையோரமாக அம்பத்தலை, ஹங்வெல்லை நோக்கிச் செல்லும் வீதி அவிசாவளைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களிற் சென்று முடிகின்றது. ஆற்றின் வடகரையிலுள்ள களனியில், 1960களிற் சோவியத்து ஒன்றியத்தின் உதவியுடன் அரசாங்க ரயர்த் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. பால் வடியும் மரமும் ரயர் வார்க்கும் ஆலையும் ஒரே ஆற்றின் கரையில் அமைந்திருந்தும், ரயரின் தன்மையை நாம் அறியாதிருத்தல் வியப்பே.

ரயர் முழுவதும் இறப்பரே என்று பலர் எண்ணுவர். அற்றன்று. உள்ளே நைலோன் போன்ற இழைகளாற் பின்னிய நூற்கட்டு உண்டு. றிம்மைப் பற்றும் விளிம்பில் உருக்குக் கம்பி உண்டு. அவற்றின்மேல் விலாப்புறத்திற்கு ஒருவகை இறப்பரும், வீதியைத் தொடும் மேற்பரப்பிற்கு வேறொருவகை இறப்பரும் சேர்த்து, கந்தகமிட்டு அச்சில் வேகவைக்கின்றனர். கந்தகத்தோடு சூடாக்கினால் இறப்பர் உறுதியடையும் என்பதை 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் அமெரிக்கராகிய சார்ள்ஸ் குட்இயர். ரயருக்குக் கருநிறம் தருவது இறப்பரன்று. அதனோடு சேர்க்கப்படும் நுண்ணிய கரித்தூள். அழகிற்காக அதனைச் சேர்ப்பதில்லை. தேய்வைத் தாங்கும் வன்மையைப் பன்மடங்கு மிகுவித்தல் அத்தூளின் தொழில். முற்காலத்தில் அஃதின்றிச் செய்யப்பட்ட வெள்ளை ரயர்கள் விரைவிற் தேய்ந்தொழிந்தன.

எனினும், வண்டியின் பாரத்தைத் தாங்குவது இறப்பரும் அன்று, நூற்கட்டும் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே. ரயர் அக்காற்றை அடக்கிவைக்கும் பை. காற்றுக் குறைந்தால், காற்றுச் சுமக்க வேண்டிய பாரத்தை விலாப்புறம் வளைந்து வளைந்து சுமக்க நேரும். ஒரு கம்பியை இரு கைகளாலும் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சுடுவதைக் காணலாம். அவ்வாறே, சில்லு ஒருமுறை சுழலுந்தோறும் விலாப்புறம் ஒருமுறை வளைந்து நிமிர்கின்றது. காற்றுக் குறையக் குறைய வளைவு மிகும். வளைவு மிகச் சூடு மிகும். சூடேறிய இறப்பர் விரைந்து தேயும்; நூற்கட்டு இறப்பரினின்று பிரியத் தொடங்கும். காற்றிற் பாதி குறைந்த ரயரில் இருவரை ஏற்றிக்கொண்டு நண்பகலிற் பேஸ்லைன் வீதியில் ஓட்டுவோர், தார் வீதியின் சூட்டுடன் இச்சூட்டையுஞ் சேர்த்து ரயருக்கு ஊட்டுகின்றனர். வேண்டிய அளவில் ஐந்திலொரு பங்கு காற்றுக் குறைந்தபடியே தொடர்ந்து ஓட்டினால், ரயரின் ஆயுளில் நாலிலொரு பங்கு வரை போய்விடக் கூடும். பெற்றோலும் மிகுதியாகச் செலவாகும். வாரத்திற்கு 4 லீற்றர் என்றிருந்த காலத்தில் எஞ்சினைத் திருத்துவித்துப் பெற்றோலை மிச்சம் பிடிக்க முயன்றோர் பலர். காற்றைப் பார்த்தவர் சிலரே.

எவ்வளவு காற்று வேண்டும்? 100 முதல் 150 கன சென்ரிமீற்றர் வரை எஞ்சினுடைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன் ரயரில் சதுர அங்குலத்திற்கு 25 இறாத்தலும், பின் ரயரில் ஒருவர் செல்லும்போது 28 இறாத்தலும், இருவர் செல்லும்போது 32 இறாத்தலும் குறிக்கப்பட்டிருக்கும். தத்தம் வண்டிக்குரிய அளவை அதனுடன் வந்த கைந்நூலிலோ, சங்கிலி உறையின் மேலோ, ஆசனத்தின் கீழோ ஒட்டிய தாளிலோ காண்க. ரயரின் விலாப்புறத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அந்த ரயர் தாங்கவல்ல உச்ச அழுத்தமாகும். நாள்தோறும் நிரப்ப வேண்டிய அளவன்று. இவ்விரண்டையும் மயங்கி, 40 இறாத்தல் வரை அடைத்துக்கொண்டு செல்வோரைக் கண்டிருக்கின்றோம். அத்தகைய ரயர் நடுவரியில் மட்டும் வீதியைத் தொட்டு, அவ்விடம் தட்டையாகத் தேயும், மழையில் வழுக்கும், பள்ளத்தில் விழும்போது றிம்மையும் நூற்கட்டையும் முறிக்கும்.

காற்றை அளத்தற்குரிய வேளை வண்டி புறப்படுமுன் உள்ள காலை வேளை. சூடு 10 பாகை ஏறினால் 28 இறாத்தல் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் கூடும். வெள்ளவத்தையிலிருந்து ஒருகொடவத்தை வரை ஓட்டிவந்து, சுடச்சுட அளந்து, மிகுந்துவிட்டதென்று காற்றை இறக்கினால், மறுநாட் காலையில் அது குறைந்தே நிற்கும். பெற்றோல் நிலையத்து அளவுகருவிகள் பலருடைய கையிற்பட்டு விழுந்து எழுந்தவை. ஆதலின், சிறிய காற்றுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வதே நன்று. அதன் விலை ஒரு ரயரின் விலையிற் சிறு பங்கே. வாரத்திற்கு ஒருமுறை அளத்தல் போதும். வால்வின் மூடி தொலைந்திருந்தால் உடனே வேறொன்று இடுக. மூடியில்லாத வால்வினுள் மணல் புகுந்து காற்று மெல்லக் கசியும். காற்றுக்குப் பதிலாக நைதரசன் அடைப்பித்தால் ரயர் நெடுநாள் நிற்கும் என்று கூறிப் பணம் பெறுவோரும் உளர். நாம் உயிர்க்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் உண்டு. வாரந்தோறும் காற்றைப் பார்ப்பவருக்கு எஞ்சிய பங்கினால் வரும் நன்மை மிகச் சிறிது.

காற்றுக்கு அடுத்தது ஓட்டுபவரின் கை. ரயர் வீதியிற் சிறிதும் வழுக்காது உருளுகின்றது என்று கண்ணுக்குத் தோன்றும். உண்மையில், வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது மிக நுண்ணிய அளவில் வழுக்கிக்கொண்டே உருளும். அந்த நுண்வழுக்கலிலேதான் இறப்பர் துகள் துகளாகப் பிரிகின்றது. ரயரின்மீது செல்லும் விசை இருமடங்காயின் வழுக்கலும் ஏறத்தாழ இருமடங்காகும். தேய்வு விசையையும் வழுக்கலையும் பெருக்கியது போன்றது. ஆகவே, ஓடும் ஒவ்வொரு அடித் தூரத்திற்கும் தேய்வு நான்மடங்காகும். சமிக்ஞை விளக்குப் பச்சையானதும் பாய்ந்து புறப்படுபவர், மெல்லப் புறப்படுபவர் எடுக்கும் தூரத்திற் பாதியிலேயே அதே வேகத்தை அடைவர் என்பது மெய். நான்மடங்கைப் பாதியாக்கினாலும் இருமடங்கு எஞ்சுகின்றதன்றோ? தெமட்டகொடைக்கும் ஒருகொடவத்தைக்கும் இடையில், அடுத்த சிவப்பு விளக்கின்முன் இருவரும் அருகருகே நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். முன்னவர் முந்திச் சென்றதற்கு அடையாளம் அவருடைய பின் ரயரில் மட்டுமே இருக்கும்.

பிறேக்கிற்கும் இதுவே நியாயம். முன்னே சிவப்பு விளக்குத் தெரியும்போதே எஞ்சினின் வேகத்தைத் தளர்த்திவிட்டு, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்துச் செல்பவருக்கு இறுதியிற் சிறிதளவு பிறேக்கே தேவைப்படும். நம்மவருள் ஒரு சாரார் முன் பிறேக்கைத் தொட்டால் வண்டி குப்புற விழுந்துவிடும் என்று அஞ்சி, காற்பிறேக்கை மட்டும் ஓங்கி மிதிப்பர். நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்தலின் பின் சில்லு இலேசாகி, பூட்டுண்டு, சுழலாமல் இழுபடும். அவ்வாறு ஒருமுறை இழுபட்டால் ஒரே இடம் தட்டையாக அரைந்துபோகும். ஒரு மாத ஓட்டத்தில் தேய வேண்டிய இறப்பர் ஒரு நொடியில் வீதியிற் கருங்கோடாகப் படிந்துவிடும். இரு பிறேக்குகளையும் சேர்த்து, முன்னதை மெல்ல இறுக்கிப் பழகுதல் ரயருக்கும் நன்று, உயிருக்கும் நன்று.

வண்டியின் பிற உறுப்புகளும் ரயரைத் தின்னும். சங்கிலி தளர்ந்தபோது அதனை இறுக்குவதற்குப் பின் அச்சை இருபுறமும் பின்னே தள்ளுவர். இருபுறத்துக் கோட்டுக் குறிகளும் ஒத்திராவிடின் சில்லு கோணலாக நிற்கும். கோணலான சில்லு ஓடும் தூரமெல்லாம் சற்றே பக்கவாட்டில் உராய்ந்துகொண்டு ஓடும். ஒருபுறம் மட்டும் தேய்ந்த பின் ரயரைக் கண்டால் ரயர் செய்தவரைக் குறைகூறுமுன் இக்குறிகளைப் பார்க்க. சில்லுக் கம்பிகள் தளர்ந்து றிம் நெளிதல், முன் சில்லின் பெயறிங் ஆடுதல், பின் அதிர்வுதாங்கி எண்ணெய் கசிந்து வலுவிழத்தல் ஆகியவற்றால் ரயர் மேடுபள்ளமாகத் தேயும். கையால் ரயரைச் சுற்றித் தடவினால் கண்ணுக்குத் தெரியாத அலைவரி விரலுக்குத் தெரியும்.

ஒருகொடவத்தைக்கே சிறப்பாக உரிய கேடுகளுக்கு வருவோம். ஆணி தைத்தால் ரியூப் உள்ள ரயரிலிருந்து காற்று விரைந்து போய்விடும். ஓட்டுபவர் உடனே அறிவார். ரியூப் இல்லாத வகையில் ஆணியே அடைப்பாக நின்று பல நாட்கள் மெல்லக் கசியவிடும். இது நன்மை போற் தோன்றிக் கேடு செய்யும். குறைந்த காற்றிலேயே ஓடி விலாப்புறம் உள்ளே வெந்துபோன பின்னரே காரணம் தெரியவரும். வார இறுதியில் ரயரைச் சுற்றிப் பார்த்து, வரிப்பள்ளங்களிற் சிக்கிய கற்களையும் இரும்புத் துண்டுகளையும் மழுங்கிய கருவியொன்றாற் கிளப்பிவிடுக. இன்று பள்ளத்தில் இருக்கும் துண்டே நாளை உள்ளே செல்வது. ரியூப்பிற்கு ஒட்டுப் போடுவிக்கும்போது அருகில் நிற்பதும் நன்று. பசையைப் பூசியதும் ஈரத்தோடு ஒட்டை அழுத்தினால் அது சில நாட்களிற் கிளம்பும். பசை உலர்ந்து விரலில் ஒட்டாத நிலை வரும்வரை பொறுத்தல் வேண்டும். நெரிசல் வேளையிற் கடைக்காரர் பொறுக்க மாட்டார். நாம் பொறுப்போம் என்று சொல்லலாம். வெறும் ரியூப்பை ஒட்டிவிட்டு, ரயரின் உள்ளே விரலை விட்டுத் தடவி ஆணியை எடுக்காமல் மூடிவிட்ட கடையொன்றை அறிவோம். அடுத்த சந்திக்குள் அதே இடத்தில் மறுபடியும் துளை விழுந்தது.

எண்ணெய் வேறொரு பகை. பௌசர் வண்டிகள் செல்லும் வீதியிற் சிந்தும் டீசலும், வண்டி நிறுத்துமிடத்தில் ஒழுகிக் கிடக்கும் எஞ்சின் எண்ணெயும் இறப்பரினுள் ஊறி அதனை உப்பி மென்மையாக்கும். சவர்க்கார நீரால் அன்றே கழுவிவிடின் தீங்கில்லை. மண்ணெண்ணெயாற் கழுவுதல் நோயை நோயாற் தீர்க்க முயல்வதாம். வெயிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் இறப்பரை வெடிக்கச் செய்வன. இதனைத் தடுக்கவே ஒருவகை மெழுகு ரயரினுட் சேர்க்கப்படுகின்றது. வண்டி ஓடும்போது ரயர் வளைந்து நிமிர்வதால் அம்மெழுகு மெல்ல மேலே வந்து படியும். ஆதலின், ஓடாமல் நின்ற ரயர் ஓடியதைவிட விரைவில் வெடிப்புறும். 2022ஆம் ஆண்டிற் பெற்றோல் இன்றி மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிகள் பலவற்றின் ரயர்கள் தேயாமலே பாழானமைக்குக் காரணம் இதுவே. நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் நடுத்தாங்கியில் ஏற்றி, நிழலிற் காற்றுக் குறையாது வைத்திருக்க வேண்டும். பளபளப்பிற்காகப் பூசும் நெய்களிற் சில அந்த மெழுகையே துடைத்தெடுப்பன. கறுப்பு மினுக்கத்தை விரும்புவோர் இதனை அறிந்து பூசுவாராக.

வெள்ளத்தையும் மறத்தற்கில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனியாறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியபொழுது, வண்டிகள் பல நாட்கணக்கில் நீருள் நின்றன. எஞ்சினைப் பிரித்துக் கழுவியோர் பலர். சில்லைப் பிரித்தவர் மிகச் சிலர். கம்பிச் சில்லின் றிம்மினுள் நீர் புகுந்தால் எளிதில் வெளியேறாது. உள்ளே துரு ஏறும். கம்பிகளின் தலைகளை மூடியிருக்கும் இறப்பர்ப் பட்டி உளுத்துப்போகும். துருப்பிடித்த கம்பித்தலை ரியூப்பை உள்ளிருந்தே அறுக்கும். வீதியில் ஆணி இல்லாதபோதும் அடிக்கடி காற்றுப் போகும் வண்டிக்கு இஃதே காரணமாதல் கூடும். வெள்ளநீரில் நின்ற சில்லைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதிய பட்டியிட்டுப் பூட்டுதல் ஒரு மணி நேர வேலை.

புதிய ரயர் வாங்கும்போது விலாப்புறத்து எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருத்தல் நலம். 3.00-18 என்பதில் முன்னது ரயரின் அகலம், பின்னது றிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. அடுத்து 52 என்று இருப்பின் அந்த ரயர் 200 கிலோகிராம் பாரம் தாங்கும். அதன்பின் 'பீ' என்னும் ஆங்கில எழுத்து நின்றால் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். நீள்வட்டத்துள் அமைந்த நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்வன: 3523 எனில் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இறப்பர் கடையிற் கிடக்கும்போதும் முதுமையடையும். ஐந்து ஆண்டு கழிந்ததை ஆண்டுதோறும் சோதித்தே ஓட்ட வேண்டும். பத்து ஆண்டு கழிந்தது புதியது போற் தோன்றினும் கழித்தற்குரியது. ஒருமுறை பூட்டிக் கழற்றிய ரயரைப் பாதி விலைக்கு வாங்குவோர் இந்த நான்கு இலக்கங்களையும், உட்புறத்தே நூற்கட்டு வெளித்தெரிகின்றதா என்பதையும் பார்க்காமல் வாங்குதல் கூடாது. விலாப்புறத்து அம்புக்குறி சில்லு சுழலும் திசையை நோக்கி நிற்க வேண்டும். புதிய ரயருக்குப் பழைய ரியூப்பை இடுதல் சிக்கனம் ஆகாது. நீண்டு தளர்ந்த ரியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் வெடிக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை புதிய ரயரின் மேற்பரப்பு வழுக்கும் இயல்பினது. அதுவரை சாய்த்துத் திரும்புவதையும் ஓங்கிப் பிறேக் இடுவதையும் தவிர்க்க. இவ்வாறெல்லாம் பேணிய பின் ரயர் ஒன்று 20,000 கிலோமீற்றர் அளவில் ஓடுதல் அரிதன்று. முன் ரயர் எஞ்சினின் இழுவையைத் தாங்காதாகலின் இன்னும் மிகுதியாக ஓடும்.

இனி இரண்டாவது வினா. வரிப்பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் அமைந்திருக்கும். அவை தேய்வுக்குறிகள், மோட்டார்ச் சைக்கிள் ரயரில் அவற்றின் உயரம் பெரும்பாலும் 0.8 மில்லிமீற்றர். சுற்றியுள்ள இறப்பர் தேய்ந்து அம்மேட்டின் மட்டத்தை அடைந்ததும் அந்த ரயரின் பணி முடிந்தது. வெயிற்காலத்தில் வீதி உலர்ந்திருக்கும்போது தேய்ந்த ரயரும் நன்றாகப் பிடிப்பதுபோற் தோன்றும். அதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். வரிப்பள்ளத்தின் தொழில் நீரை ஒதுக்குதல். பள்ளம் இல்லாதபோது இறப்பருக்கும் தாருக்கும் இடையில் நீர்ப்படலம் தங்கும், பிடி அற்றுப்போகும். சில நாட்கள் வறண்டிருந்த வீதியில் முதன்மழை பெய்யும் முதற் பத்து நிமிடமே மிகக் கொடியது. தாரிற் படிந்த எண்ணெய் நீரோடு மிதந்து வரும் நேரம் அது. அந்நேரத்திற் கொள்கலன் வண்டியின் பக்கத்தே செல்லும் மோட்டார்ச் சைக்கிள் ஓர் அடி வழுக்கினாலும் அதன்பின் திருத்திக்கொள்ள இடமில்லை.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உணவுப்பொதி கொண்டுசெல்லும் தொழில் செய்த எம் பழைய மாணவர் ஒருவர், வழுவழுப்பான பின் ரயரிற் சூடான கத்தியால் வரிப்பள்ளம் புதிதாக வெட்டுவித்தார். சில நூறு ரூபாவிற் காரியம் முடிந்ததென்று மகிழ்ந்து எம்மிடமும் காட்டினார். பார்வைக்குப் புதிய ரயராகவே இருந்தது. பார வண்டிகளின் ரயர்களிற் சிலவற்றை அவ்வாறு வெட்டுதற்கெனவே தடித்த அடிப்படை இறப்பருடன் வார்க்கின்றனர். மோட்டார்ச் சைக்கிள் ரயரில் அத்தடிப்பு இல்லை. வெட்டுக்கத்தி நேரே நூற்கட்டின்மீது செல்லும். மூன்றாம் வாரத்தில், மழையன்று, பின்னே பொதிப்பெட்டியுடன் பாலத்திலிருந்து இறங்கும்போது அந்த ரயர் வெட்டுண்ட இடத்தில் வெடித்தது. பின்னே வந்த பௌசர் தொலைவில் நின்றமையின் அவர் தோளெலும்பு முறிந்ததோடு தப்பினார். ஆறு வாரம் உழைப்பு இல்லை. அந்த ஆறு வார ஊதியத்திற்கு எத்தனை ரயர் வாங்கலாம் என்று அவரே எமக்குக் கணக்கிட்டுச் சொன்னார். அக்கணக்கை அவர் பெயரின்றி இங்கே எழுதிக்கொள்ள அவர் இசைந்தார்.

ஆகவே, நீட்டிக்க வேண்டிய ஆயுள் தேய்வுக்குறிக்கு இப்பாலுள்ளது. காற்றினாலும் கையினாலும் பேணி அதுவரை எத்தனை மாதம் கூட்டினும் அது முழு இலாபம். அதற்கு அப்பால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் ரயரின் ஆயுளன்று. வெடிப்பில் நூற்கட்டுத் தெரிந்தாலும், விலாப்புறம் ஓரிடத்திற் பொக்குளம் போற் புடைத்தாலும், விலாப்புறத்தில் ஆணி தைத்தாலும், வரிப்பள்ளம் எவ்வளவு மிகுந்திருப்பினும் கழற்றிவிடுக. விலாப்புறத்துக் காயத்திற்கு ஒட்டு நில்லாது. இரண்டையும் ஒருங்கே மாற்றப் பணம் போதாதெனின், முன் ரயர் தேய்ந்திருப்பின் அதனையே முதலில் மாற்றுக. பின் சில்லு வழுக்கினால் வண்டியைச் சிலபோது நிமிர்த்தலாம். முன் சில்லு வழுக்கினால் நிமிர்த்துதல் அரிதினும் அரிது.

கழற்றிய ரயரை முற்றத்தில் எறிந்துவிடுதல் கொழும்பிற் பெருங்கேடு. அதன் உட்குழியில் ஒரு மழைக்குத் தேங்கும் சிறிதளவு நீரே டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுதற்குப் போதும். சுகாதாரப் பரிசோதகர் வீடுகளைச் சோதிக்கும்போது முதலிற் தேடும் பொருள்களில் இதுவும் ஒன்று. புதிய ரயர் பூட்டும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட்டு வரலாம். பூஞ்செடி வைக்கவோ பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டவோ வைத்துக்கொள்ள விரும்புவோர், அடிப்புறத்தில் நீர் வடியத்தக்க துளைகள் நாலைந்து இட்டுக்கொள்க.